வாய்ப்பூட்டு

இது கதை இல்லை. கதையாக இருந்தால் மெஹபூப் அலி பாய், ஓகோவென்று ஓடிக்கொண்டிருந்த பிரௌசிங் சென்டரை மூடிவிட்டு, அதே இடத்தில் ஜெராக்ஸ் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். நம்பாதவர்கள் மந்தைவெளிக்குப் போய் அவரையே கேட்கலாம். பதில் சொல்ல மாட்டார். கேட்டதும் எழுந்து போய் டீ குடிப்பார். அதுவே பதில். இன்னொன்று: இதில் அமாவாசை கிடையாது, நாய் ஊளை கிடையாது, வெள்ளைப் புடவை கிடையாது. முக்கால்வாசி சனிக்கிழமை சாயங்காலம், டியூப்லைட் வெளிச்சத்தில், ஏசி ஓடும்போது நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவன் பேயைப் பார்த்ததில்லை.

வருஷம் 1999. பாயின் சென்டரில் எட்டு சிஸ்டம். ஒவ்வொன்றையும் சுற்றி ப்ளைவுட் தடுப்பு, முன்னால் அரைக்கதவு. பையையும் செருப்பையும் வெளியே ரேக்கில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். காரணம், மவுஸுக்குள் இருக்கும் உருண்டையை எவனோ பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். வார நாட்களில் ஈமெயில், ஜாதகம். சனிக்கிழமை ரெண்டு மணிக்கு மேல் எட்டையும் ஒயரால் இணைத்து ஆட்டம். நாலு பேருக்கு நாலு பேர். எதிரியைச் சுட்டு, அவன் கொடியைப் பறித்துக்கொண்டு நம் கோட்டைக்கு ஓடிவர வேண்டும். பத்துக் கொடி முதலில் எடுத்த டீம் ஜெயித்தது.

மயிலாப்பூர் டீமுக்குக் கேப்டன் ஸ்ரீகிருஷ்ணா என்கிற கிச்சா. காலேஜில் ரெண்டாம் வருஷம். ஆட்டத்தில் கை சுமார், கண் சுமார், வாய் மட்டும் அபாரம். திட்டினால்தான் ஆள் ஆடுவான் என்பது அவன் கொள்கை. கொடி போனால் திட்டுவான். கொடி வந்தால், ஏன் லேட் என்று திட்டுவான். அவன் டீமில் அனிருத், ஆசிஃப், வேம்பு என்று மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் கிச்சாவைவிட நன்றாக ஆடுவார்கள். அதனால்தான் அவன் கேப்டன் ஆனான்.

வேம்புவுக்கு வீடு கோபாலபுரம். உடம்பில் ஆஸ்துமா. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குவான். கிச்சா அவனுக்கு வைத்த பெயர் ஹார்மோனியம். ஆனால் டீமில் ஒழுங்காகத் தகவல் சொல்லத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மூச்சுக்குப் பஞ்சம் இருப்பவன் வார்த்தையை வீணாக்க மாட்டான். "படிக்கட்டு. ரெண்டு பேர்." அவ்வளவுதான். யாராவது சொதப்பினால் திரையில் பச்சை எழுத்தில் ஒரே வரி அடிப்பான். 'பரவாயில்ல மச்சி. அடுத்த ரவுண்டு பாத்துக்கலாம்.' பச்சை எழுத்து சொந்த டீமுக்கு மட்டும் தெரியும்.

கிச்சாவுக்கு அந்த வரியைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அதற்காகவே ஒரு சட்டம் போட்டான். பெயர் வாய்ப்பூட்டு. கொடியைக் கோட்டை விட்டவன், அந்த ஆட்டம் முடியும்வரை பேசக் கூடாது, டைப் அடிக்கக் கூடாது, கேபினை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மீறினால் டீமை விட்டு வெளியே. விளையாட்டுக்காகத்தான் போட்டான். எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார்கள்.

பிப்ரவரி 20, சனிக்கிழமை. எதிரே தி.நகர் பசங்க. மணி 4:12. ஸ்கோர் ஏழுக்கு ஏழு. வேம்பு கொடியோடு ஓடிவரும்போது இருமினான். இருமலில் மவுஸ் நழுவியது. சுட்டுவிட்டார்கள். கொடி போச்சு.

கிச்சா தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தான். அவன் ஏழாம் நம்பர் கேபின். வேம்பு எட்டு, கடைசி.

"டேய் ஹார்மோனியம்! நீ அவனுங்களுக்கு அஞ்சாவது ஆள்டா! பூட்டு!"

"கிச்சா... என் பை... வெளில ரேக்ல..."

"பேசின பாத்தியா! பூட்டுன்னா பூட்டு. அசைஞ்ச, டீம்லயே இல்ல."

பையில்தான் வேம்புவின் இன்ஹேலர் இருந்தது. அது கிச்சாவுக்குத் தெரியும்.

4:20. தடுப்பில் சத்தம்.

டக். டக். டக்.

அனிருத்தும் ஆசிஃபும் ரெண்டு காதிலும் ஹெட்போன் மாட்டியிருந்தார்கள். திட்டுவதற்கு வசதியாகக் கிச்சா மட்டும் ஒரு காதைத் திறந்து வைத்திருப்பான். கேட்டது அவனுக்கு மட்டும்.

"தட்டாதடா! அதுவும் பேச்சுதான்!"

அப்புறம் தட்டல் இல்லை. திரையில் வேம்புவின் ஆள் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டான். "ஏண்டா மரம் மாதிரி நிக்கற?" என்று கிச்சா கத்தினான். ரெண்டு தடவை சுட்டார்கள். ரெண்டு தடவையும் செத்தான், எழுந்தான், நின்றான். 4:51க்கு ஆட்டம் முடிந்தது. பத்துக்கு ஒன்பது. தோல்வி.

"மச்சி, வேம்பு வரல?" என்றான் ஆசிஃப்.

"அழுதுட்டு வரட்டும். நீ வா, பஜ்ஜி ஆறிடும்."

5:40க்கு எட்டாம் நம்பர் கதவைத் திறந்து பார்த்தது பாய்.

போலீஸ் ஏட்டு வந்து கேட்டார். சத்தம் ஏதாவது கேட்டதா? "இல்ல சார். ஒரு சத்தமும் வரல." வேம்புவின் அம்மா ஜெயபாரதி மாமி கேட்டாள். "உன்னைக் கூப்பிட்டானாடா?" "இல்ல மாமி. தூங்கற மாதிரிதான் இருந்தான்." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மாமி பதின்மூன்று நாளைத் தள்ளினாள். கிச்சாவின் அம்மா சுப்புலக்ஷ்மி அத்தனை நாளும் மாமியின் பக்கத்திலேயே இருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "என் பிள்ளை பக்கத்துலதான் இருந்தான். கொழந்தை கஷ்டப்படலை," என்று சொன்னாள்.

ஆக, கிச்சாவிடம் காப்பாற்றுவதற்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அந்தப் பொய். அது உடைந்தால் ரெண்டு அம்மாவின் முகத்திலும் விழிக்க முடியாது.

மார்ச் 13. மறுபடி ஆட்டம். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே, அதனால் கிச்சாவும் போனான். மூன்று பேருக்கு மூன்று பேர். எட்டாம் நம்பர் சிஸ்டத்தைப் பாய் கழற்றி எடுத்துவிட்டார். மேஜை மட்டும் இருந்தது.

3:12. ஆசிஃப் கொடியைக் கோட்டை விட்டான். கிச்சா வாயைத் திறந்து முதல் வார்த்தையைச் சொல்வதற்குள் திரையில் ஒரு பச்சை வரி.

'பரவாயில்ல மச்சி. அடுத்த ரவுண்டு பாத்துக்கலாம்.'

"அனிருத்! இதெல்லாம் ஒரு ஜோக்கா?"

"எதுடா?"

"அந்தப் பச்சை லைன்!"

"எந்தப் பச்சை லைன்?"

கிச்சா ஸ்கோர் பட்டியலை அழுத்திப் பார்த்தான். அவன் டீமில் நாலு பெயர் இருந்தது.

எழுந்து பாயிடம் போனான். "பாய், எட்டுல யாராவது இருக்காங்களா?"

"இன்னா நைனா, வெயிலா? எட்டுல மிசினே இல்ல, ஒயரு மட்டும் தொங்கிக்கினு கீது. பூதமா வந்து ஆடும்?"

சொல்லிவிட்டுப் பாயே சிரித்தார். அவர் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று அனிருத் சொல்கிறான்.

அடுத்த சனிக்கிழமை வேறு மாதிரி ஆரம்பித்தது. அனிருத் சொதப்பினான். கிச்சா திட்டினான். வாக்கியம் வந்தது, கடைசி வார்த்தை வரவில்லை. தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றான். ம்ஹூம். அன்றைக்கு ஒரு கெட்ட வார்த்தை போச்சு. அதற்கடுத்த வாரம் மூன்று. ஏப்ரல் பத்தாம் தேதி வாக்கில் 'முட்டாள்' கூட வரவில்லை. வேறு யாராவதாக இருந்தால் புண்ணியம் என்று விட்டிருப்பான். கிச்சாவுக்கு அது பரம்பரைச் சொத்து பறிபோன மாதிரி. ஒவ்வொரு வார்த்தை போகும்போதும் நெஞ்சில் ஒரு கயிறு ஒரு சுற்று இறுகியது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

ஏப்ரல் 17, சனிக்கிழமை. திருவான்மியூரில் ஒரு பெரிய சென்டரில் போட்டி. பிப்ரவரியிலேயே நாலு பேரையும் பதிந்து வைத்திருந்தார்கள். வாசலில் பட்டியலோடு ஸஹானா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு பேர் போட்டிருக்கு. மூணு பேர்தான் வந்திருக்கீங்க?"

"வருவான்," என்றான் கிச்சா. உண்மையைச் சொன்னால் மூன்று பேரை ஆட விட மாட்டார்கள்.

"சரி, கடைசி கேபின் அவருக்கு. சிஸ்டத்தை ஆன்ல வெச்சிருக்கேன்."

கிச்சாவுக்குக் கிடைத்தது அதற்குப் பக்கத்துக் கேபின்.

3:55க்கு ஆட்டம் தொடங்கியது. எதிரே அதே தி.நகர் டீம். மூன்றுக்கு நாலு. சரசரவென்று ஐந்து கொடி போச்சு. கிச்சா பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். நாலாவது நாற்காலி காலி. எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். ரெண்டு தடவை.

4:19. ஆசிஃப் தவறான பக்கம் ஓடினான்.

"டேய், ரைட்ல..." என்றான் கிச்சா.

4:20.

குரல் நின்றது.

கெட்ட வார்த்தை மட்டும் இல்லை. எல்லா வார்த்தையும். கிச்சா வாயைத் திறந்தான். காற்று உள்ளே போகவில்லை. கயிறு கடைசிச் சுற்றும் சுற்றிவிட்டது. ஊசி ஓட்டை அளவுக்கு ஏதோ ஒரு வழி... அதில் விசில் மாதிரி ஒரு சத்தம்.

ஹார்மோனியச் சத்தம்.

அப்போதுதான் அந்தக் காலிக் கேபினிலிருந்து குரல் வந்தது.

"ஆசிஃப், படிக்கட்டு. ரெண்டு பேர். பாத்து வா."

கிச்சாவின் குரல். அச்சு அசல். ஆனால் கிச்சா பேசவில்லை.

"அனிருத், சூப்பர்டா. அப்படியே நில்லு. நான் வரேன்."

கிச்சா எழுந்திருக்கப் பார்த்தான். கால் வரவில்லை. அரைக்கதவு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. கையை மட்டும் தூக்க முடிந்தது. ஆசிஃபின் கேபினை ஒட்டிய தடுப்பில் தட்டினான்.

டக்.

டக்.

டக்...

அந்தப் பக்கம் ஆசிஃப். ரெண்டு காதிலும் ஹெட்போன்.

பதில் இந்தப் பக்கம், காலிக் கேபினிலிருந்து வந்தது. தடுப்போடு வாயை ஒட்டி வைத்துப் பேசுகிற மாதிரி. மெதுவாக. கிச்சாவின் குரலிலேயே.

"தட்டாதடா. அதுவும் பேச்சுதான்."

4:31.

4:40...

கிச்சா மானிட்டரின் மூலையில் இருந்த மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை நிமிஷம் என்று அவனுக்குத் தெரியும். கணக்குப் போடத் தேவையில்லை.

4:47.

4:50...

4:51.

காற்று வந்தது.

ஒரே தள்ளாகக் கேபின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தான். ஆசிஃபும் அனிருத்தும் அவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"மச்சி! பத்துக்கு எட்டு! ஜெயிச்சிட்டோம்டா!"

"இன்னிக்கு இன்னாடா ஆச்சு உனக்கு? ஒரு வார்த்தை திட்டல. எவன் எங்க இருக்கான்னு கரெக்டா சொல்ற. நான் செத்தப்பகூட பரவாயில்லன்ற. ஹெட்போனைத் தாண்டி கேட்டுது மச்சி உன் குரல். நீ முன்னாடியே இப்படி இருந்திருந்தா..." ஆசிஃப் பாதியில் நிறுத்தினான். முன்னாடி என்றால் யார் ஞாபகம் வரும் என்று அவனுக்கும் தெரியும்.

கிச்சா கடைசி கேபினைப் பார்த்தான். நாற்காலி மேஜைக்கடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்திருந்தது. சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தது அவனுக்கு. கோப்பை கொடுத்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நல்ல கேப்டன் என்று அவனைப் பற்றி மைக்கில் சொன்னார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அம்மா வந்து எழுப்பினாள்.

"ஜெயபாரதி மாமி போன் பண்ணினா. உன்னை நேர்ல வரச் சொன்னா. என்ன விஷயம்னு கேட்டா, கிச்சாவே சொல்லுவான்கறா. குரலே சரியில்லைடா அவளுக்கு."

சைக்கிளில் கோபாலபுரம் போய்ச் சேர்ந்தபோது மணி 4:10. மாமி கதவைத் திறந்தாள். திட்டவில்லை. அழவில்லை. உட்காரச் சொன்னாள். கண் ரெண்டும் ராத்திரி முழுக்கத் திறந்தே இருந்த மாதிரி இருந்தது.

"நேத்திக்கு நீ பேசினதுலேர்ந்து ஒரு வாய் சாதம் எறங்கலைடா."

"நான்... பேசினேனா மாமி?"

"நாலு இருபதுக்குப் பண்ணினியே. உன் குரல் எனக்குத் தெரியாதா? பை வேணும்னு கேட்டான்னு சொன்னே. மூணு தரம் தட்டினான்னு சொன்னே. தட்டாதேன்னு நீ கத்தினதையும் சொன்னே. அவன் எத்தனை நேரம் துடிச்சான்னு, நிமிஷம் நிமிஷமாச் சொன்னே. அதை ஏண்டா அத்தனை விவரமாச் சொன்னே? அந்தக் கேபினுக்குள்ள இருந்து பாத்தவன் மாதிரி?"

திருவான்மியூரில் நான் மூச்சில்லாமல் கிடந்தேன் என்று சொல்லலாம். பேசியது நான் இல்லை என்று சொல்லலாம். ரெண்டு மாதத்தில் அவன் சொல்லக் கூடிய முதல் உண்மை அது. ஆனால் அப்படிச் சொன்னால் மாமி அடுத்த கேள்வி கேட்பாள். பை கேட்டானா, இல்லையா? தட்டினானா, இல்லையா? அது அவனைத் தவிர யாருக்கும் தெரியாத சங்கதி.

கிச்சா தரையைப் பார்த்தான்.

"பொய்யாவது சொல்லேண்டா," என்றாள் மாமி. "இல்லைன்னாவது சொல்லேன்."

சொல்லவில்லை.

மாமி போன் இருந்த மூலையைப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. போனை வெக்கறதுக்கு முன்னாடி உங்காத்து போன் நம்பர் கேட்டே. அம்மாகிட்டயும் சொல்லணும், நாளைக்கு இதே நேரத்துக்குன்னே. குடுத்தேன்." மாமி அவனை உற்றுப் பார்த்தாள். "ஏண்டா, உங்காத்து நம்பர் உனக்கே தெரியாதா?"

சுவர்க் கடிகாரத்தில் மணி 4:19.

கிச்சா போனிடம் பாய்ந்தான். வீட்டு நம்பரை அழுத்தினான். ஏழு எண். கடைசி எண்ணை அழுத்தும்போது 4:20.

எங்கேஜ்டு.

மறுபடி அழுத்தினான்.

எங்கேஜ்டு.

மாமியைத் திரும்பிப் பார்த்தான். உதவி என்று கேட்க வாய் திறந்தான். குரல் இல்லை. கயிறு இறுகியது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். மாமி அவன் அழுகிறான் என்று நினைத்தாள். "அழு," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

4:29. எங்கேஜ்டு.

4:38...

4:45...

விரல் மட்டும் வேலை செய்தது.

4:51க்கு மணி அடித்தது. அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

காற்று வந்தது. குரல் வந்தது.

"அம்மா... அம்மா, நான் கிச்சா..."

சுப்புலக்ஷ்மி அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே கேட்டாள்.

"இப்பத்தானே வெச்சே. மறுபடியும் என்ன?"

"அம்மா, அது நான்..."

"எல்லாத்தையும் சொல்லிட்டே. கேட்டாச்சு. அந்த மாமி முகத்தைப் பாத்துண்டு நான் சொன்னதெல்லாம்..." அவளால் முடிக்க முடியவில்லை.

அப்புறம் அவள் குரல் மாறியது. தாழ்ந்தது. பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி.

"கிச்சா... அரை மணி நேரம் ஒரே வீச்சாப் பேசினே. நானும் காதை எடுக்காமக் கேட்டுண்டே இருந்தேன்."

கிச்சா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நடுவுல ஒரு தரம்கூட நீ மூச்சே விடலையேடா?"